கண் சிமிட்டாத திரை

ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலை அலுவலகத்துக்கு இணையப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். எந்தக் காற்றாடி ஓடுகிறது, எது நிற்கிறது, காற்று என்ன வேகம் என்பதெல்லாம் அதில் தெரியும். நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் முழுவதும் தானாகத் திரும்ப ஏறும். அப்போது திரை ஒரு நொடி வெளுத்துவிட்டு வரும்.

2006 வாக்கில், பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எண்களை மட்டும் பின்னாலிருந்து வாங்கி மாற்றும் வித்தையைக் கற்றேன். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பகல் பொறுப்பில் இருந்த அண்ணாச்சி வளைகுடாவில் பல வருடம் எந்திரங்களோடு கிடந்தவர். முகத்தைச் சுளித்தார்.

"மக்கா, திரை வெளுத்தா புதுசு வருகுண்ணு தெரியும். இது சத்தமில்லாம மாறுகு. நெசமாட்டு காத்தாடியில இருந்து வருகா, இல்ல நீ உள்ள எழுதி வச்சிருக்கியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவரோ ஒரு வாரம், காற்றாடிக்கு அடியில் நிற்பவரிடம் போனில் கேட்டு எண்களைச் சரிபார்த்தார். எல்லாம் ஒத்துப்போயின. அப்படியும் நம்பவில்லை.

ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். "வந்து பாரு. சன்னல் வழியாப் பாத்தா ஏழாம் காத்தாடி நிக்கி. உன் பக்கத்தில ஓடுகு."

பைக்கில் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான்: என்னை மாட்டிவிட, ஏழாம் காற்றாடியிலிருந்து கணினிக்கு வரும் ஒயரை இவரே பிடுங்கியிருப்பாரோ? போனதும் கணினியைப் பார்க்கவில்லை, மேசைக்கு அடியில் குனிந்தேன். ஒயர் சரியாகவே இருந்தது.

"நான் புடுங்குனேன்னு பாக்கியா?" என்றார். நான் எழுந்து கணினிப் பக்கம் திரும்பினேன்.

வெளியே யாரோ குழி தோண்டியதில் ஏழாம் காற்றாடிக்குப் போகும் மின் கேபிளும் தகவல் கேபிளும் அறுந்திருந்தன. காற்றாடி நின்றுவிட்டது, எண்ணும் வரவில்லை. எண் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவே இல்லை. அதனால் கடைசியாக வந்த எண்ணையே பக்கம் கூசாமல் காட்டிக்கொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது வந்த நேரம் தெரியும்படி செய்தேன். இரண்டு தடவை கேட்டும் பதில் வராவிட்டால் எண் மறைந்து, 'தகவல் இல்லை' என்று காட்டும்.

"தெரியலண்ணா தெரியலண்ணு சொல்லட்டு. அது போதும்," என்றார் அண்ணாச்சி.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னைச் சந்தேகப்பட்டதற்கு அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தானாக மாறும் எந்தப் பக்கத்தையும் நான் முழுதாக நம்பியதில்லை, நானே எழுதியதாக இருந்தாலும்.