விதைநெல்லுக்கு விசிறி

தை பிறந்தும் விடாத மழையில், உத்திரமேரூர் சாலையோரம் கொட்டியிருந்த நெல்லெல்லாம் நனைந்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கினதும் புளிப்பும் இனிப்புமாக முளைவாசனை. எழுபதுகளில் எங்கள் கூடத்தில் அடித்த அதே வாசனை.

அன்றும் அறுத்துப்போட்ட நெல் மழையில் மாட்டிக்கொண்டது. சாப்பாட்டு நெல் போனாலும் போகட்டும், விதைநெல்லையாவது காப்பாற்றிவிடலாம் என்று, நாங்கள் படுக்கிற பாய்களில் அதைப் பரப்பி, பனையோலை விசிறியால் அம்மா விடாமல் விசிறிக்கொண்டிருந்தாள். கழனியிலிருந்து சோர்ந்து வந்த நைனா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாமே, எனக்கு ஒருநாளாச்சும் இப்பிடி விசிறியிருக்கிறியா?"

"நீ மொளச்சி கதிரு வுடுவியா? வுடறதுன்னா சொல்லு, விசிறறேன்."

மழை பிடித்ததிலிருந்து சிரிக்காத மனுஷன் சிரித்துவிட்டார். "கை வலிக்கப் போவுது, குடு" என்று விசிறியை வாங்கிக்கொண்டு பாயருகில் குந்தினார்.

அந்த விதை அடுத்த பட்டத்தில் பச்சென்று முளைத்தது. தையில் இப்படியும் மழையா என்று ஊரே அதிசயப்பட்டதால், அப்போது பிறந்த என் தம்பிக்கு 'தை மழை வருஷத்துப் பிள்ளை' என்றே வயசு சொல்வார்கள்.

இப்போது அப்படிச் சொன்னால், எந்தத் தை மழை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.