கூடைக்கு ஒரு வார்த்தை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சந்தோஷம் அதைவிடச் சீக்கிரம் வரும். எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் இரண்டும் சேர்ந்தே வந்தன. புதுச்சேரிக் கம்பெனி ஒன்றிலிருந்து கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ கடிதம்! கடினமான ஆங்கில வார்த்தைகளைக் கொடுத்து அர்த்தம் கேட்பார்களாம், சொந்தமாக வாக்கியமும் அமைக்க வேண்டுமாம். இருபத்தைந்து தாண்டினால் எடுக்க மாட்டார்கள். எனக்கு ஆவணியில் இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் உப்பளம்தான்.

திண்டிவனத்தில் பழைய வார்த்தைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம், கீழே ஓர் உதாரண வாக்கியம். படிக்கத்தான் நேரமில்லை. விடியற்காலை மரக்காணம் உப்பளத்தில் இறங்கினால், பாத்தியிலிருந்து உப்புக் குவியலுக்கும் குவியலிலிருந்து பாத்திக்கும் நடைதான். கூட வேலை செய்த என் தோழிதான் வழி கண்டுபிடித்தாள். எட்டாவதோடு நின்றவள், காதில் விழுந்த எதையும் மறக்க மாட்டாள். வேலைக்கு வரும் வழியில் நான் புத்தகத்திலிருந்து ஒரு தடவை வாசித்தால் போதும்.

"எதுக்குடி தனியா உக்காந்து படிக்கணும்? நான் உப்போட போவேன், நீ வெறுங்கூடையோட எதிர்ல வருவே. நான் வார்த்தையைச் சொல்றேன், நீ அர்த்தத்தைச் சொல்லு. அடுத்த நடையில சென்டென்ஸ்."

வரப்பு குறுகல். ஒருத்தி ஒதுங்கினால்தான் மற்றவள் போக முடியும். அந்த ஒரு நொடிதான் எங்கள் வகுப்பு.

"ஆப்ஸ்டினேட்!"

"பிடிவாதம் புடிக்கிற!"

அடுத்த நடையில், "மை ஃபாதர் இஸ் ஆப்ஸ்டினேட்!" என்று நான் கத்த, அவள் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து பாதி உப்பு சரிந்தது.

புத்தகத்து வாக்கியங்களில் எல்லாம் பனி கொட்டியது, பிரபுக்கள் வேட்டைக்குப் போனார்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் வாக்கியங்களை நாங்களே செய்துகொண்டோம். 'ரூத்லெஸ்' என்றால் இரக்கமில்லாத. "மேஸ்திரி இஸ் ரூத்லெஸ்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னோம். பாராட்டு என்று நினைத்து அவர் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடம்பு வலி கூடத் தெரியாமல் நடந்த நாட்கள் அவை.

இன்டர்வியூவில் மூன்று பேர். நான்கு வார்த்தைகளை ஊதித் தள்ளினேன். ஐந்தாவது, 'கலாமிட்டி'. பேரழிவு என்று அர்த்தம் சொல்லிவிட்டு, வரப்பில் நூறு தடவை கத்திய வாக்கியத்தைச் சொன்னேன்: "ரெயின் இஸ் எ கலாமிட்டி."

நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, மழை இல்லாம நாடே தவிக்குது. மழை எப்படிம்மா கலாமிட்டி ஆவும்? வெள்ளம்னு சொல்லியிருக்கலாம். தப்பும்மா." பேனாவை எடுத்துத் தாளில் அந்த வார்த்தையை அடிக்கப் போனார்.

அவ்வளவுதான், வந்தது எனக்குக் கோபம். "அடிக்காதீங்க சார்! எங்க உப்பளத்துல ஒரு மழை பேஞ்சா பாத்தியில இருக்கிற உப்பு மொத்தமும் கரைஞ்சிடும். பத்து நாளைக்கு வேலை கிடையாது. நீங்க மழை வரணும்னு வேண்டிக்கிறீங்க, நாங்க வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதையே இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்."

சொன்னேன். அம்மாடி, எப்படிச் சொன்னேன்! பாத்தி, வரப்பு, வெயில், மேஸ்திரி, என் அப்பாவின் பிடிவாதம் வரை எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழுந்தன. முடித்தபோது நடுவில் இருந்தவர், "ஒண்ணாம் தேதி வந்து ஜாயின் பண்ணிடும்மா" என்றார்.

பஸ் நின்றதும் நிற்காததுமாகக் குதித்து, வீட்டுக்குக் கூடப் போகாமல், கட்டியிருந்த நல்ல புடவையோடு உப்பளத்துக்கு ஓடினேன். தோழி தலையில் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். "கெடைச்சிடுச்சுடி!" என்று கத்தினேன்.

அவள் கூடையை அப்படியே கீழே போட்டாள். "என்னென்ன வார்த்தை கேட்டாங்க?"

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஐந்துக்கும் அர்த்தத்தை அவள் படபடவென்று சொன்னாள். ஒன்று கூடத் தப்பவில்லை. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அப்புறம் அவள் குனிந்து, சிந்திய உப்பைக் கையால் கூடைக்குள் தள்ள ஆரம்பித்தாள்.

"பொஸ்தகத்துல இன்னும் பாதி இருக்குதேடி," என்றாள், நிமிராமலே. "இனிமே எனக்கு எதிர்ல யாரு வருவா?"