மாவு அக்காவும் முந்தின நாள் வான்கோழியும்

மாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கும்போது பேட்ரிசியா அக்கா யாரிடமும் பேச மாட்டார். வாசலில் நிற்பவர்கள் தூக்குவாளியைத் தட்டினாலும் சரி, போன் கிடந்து அலறினாலும் சரி, கை அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு என்று சுழன்றுகொண்டே இருக்கும். கலக்கி முடித்ததும் சுண்டுவிரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைப்பார். உப்பு சரியாக இருந்தால் ஒரு "ம்". அதற்கப்புறம்தான் உலகத்துக்கு அவர் கிடைப்பார். "ஆங், சொல்லுங்க. ஒரு கிலோவா? இன்னைக்குத் தோசைக்கா, நாளைக்கு இட்லிக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே யாரும் மாவு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. இன்றைக்கு ஆட்டிய மாவை இன்றைக்கே இட்லி ஊற்றப் போவதாக யாராவது வாயை விட்டால் தொலைந்தார்கள். "மாவுங்கறது மொத நாளே ஆட்டி வைக்கற சாமான். அது பொங்கி வர்ற வரைக்கும் பொறுக்கலைன்னா எங்கிட்ட ஏன் வர்றீங்க? பன்னு வாங்கித் தின்னுட்டுப் போங்க" என்பார். திட்டிக்கொண்டேதான் ஒரு கரண்டி கூடுதலாகவும் ஊற்றுவார்.

பொன்மலைப்பட்டியில் சின்னவர் பெரியவர் அத்தனை பேருக்கும் அவர் மாவு அக்கா. வீட்டு முன்னறைதான் கடை. பெரிய கிரைண்டர் ஒன்று, அதற்கு மேலே சீரியல் பல்பு மாட்டிய மாதா படம், வரிசையாக நீல வாளிகள். எந்நேரமும் நைட்டி, தோளில் ஒரு துண்டு. கோவிலுக்குப் போகும்போது மட்டும் புடவை. பூசை முடிந்து வீட்டுப் படி ஏறியதும் மறுபடி நைட்டிக்கு மாறிவிடுவார். கிறிஸ்துமஸ் புடவை என்று வருஷத்துக்கு ஒன்று வாங்குகிறாரே தவிர, அவற்றை மாதாவும் சாமியாரும் பார்த்ததோடு சரி.

இன்னொரு பழக்கமும் உண்டு. அக்கா உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி, ஃப்ரிட்ஜில் தோளைச் சாய்த்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு கண்ணும் அடுப்பின் பக்கம் ஒரு கண்ணுமாகச் சாப்பிடுவார். தோள் பட்டுப் பட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ரோஜாப்பூ ஸ்டிக்கரில் காம்பு மட்டும்தான் மிச்சம். கேட்டால், "உக்காந்தா மறுபடி எந்திரிக்கணும்ல? நின்னுக்கிட்டே இருந்தா அந்த வேலை மிச்சம்" என்பார்.

வீட்டுக்காரர் அருள்ராஜ் ரயில் ஓட்டியவர். சரக்கு வண்டியில் தொடங்கி எக்ஸ்பிரஸ் வரை ஓட்டிவிட்டு, இந்த வருஷம்தான் ரிட்டையராகி மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தார். வந்த மறுவாரமே அவர் கையில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டார் அக்கா. அத்தனை பெரிய வண்டியை ஓட்டியவர், இப்போது காலை வேளைகளில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து அபார்ட்மெண்ட்டுகளுக்கு மாவு கொண்டுபோகிறார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வண்டியில் சிக்னல் விழாவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம் என்பார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு வருஷா வருஷம் அக்கா வீட்டுக்கு ஒரு வான்கோழி வரும். மண்ணச்சநல்லூரிலிருந்து இட்லி அரிசி ஏற்றி வரும் வெள்ளைச்சாமிதான் மூட்டைகளுக்கு நடுவே அதையும் உட்கார வைத்துக் கூட்டி வருவார். கொல்லையில் முருங்கை மரத்தடியில் கட்டிப் போட்டு, நொய்யும் கீரைத் தண்டும் வைத்து வளர்ப்பார் அக்கா. அது வாலை விரித்துக்கொண்டு கத்தும். இவர் பதிலுக்குக் கத்துவார். ஆனால் பெயர் மட்டும் வைக்க மாட்டார். "பேரு வச்சுட்டா அப்புறம் எப்படிங்க குழம்பு வைக்கறது?" என்பார்.

அந்த வான்கோழியில்தான் இந்த வருஷம் தகராறு தொடங்கியது. அக்காவின் முறை இதுதான்: ராத்திரிப் பூசை முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, விடிகாலையில் கோழியைத் தூக்கிக்கொண்டு சேக் மைதீன் பாயின் கறிக்கடைக்குப் போவார். பாய் அறுத்துச் சுத்தம் செய்து கொடுப்பார். அப்புறம் மசாலா அரைத்து அடுப்பில் ஏற்றினால், வான்கோழி என்ன பிராய்லரா, சட்டென்று வேக? ஊரெல்லாம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு இவர்கள் வீட்டில் இலை விழும். எல்லாரும் கூடிச் சாப்பிடும்போது அக்கா வேர்த்து விறுவிறுத்து அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்.

"இந்தத் தடவை இருவத்தி நாலாந்தேதியே சமைச்சு வச்சுடு" என்றார் அருள்ராஜ், டிசம்பர் பிறந்ததும் பிறக்காததுமாக. "இத்தனை வருஷத்துல கிறிஸ்துமஸ் சாப்பாடு நாம ஒண்ணா உக்காந்து ஒரு தடவை சாப்பிட்டிருக்கமா, சொல்லு. ஒண்ணு நான் வண்டியில இருப்பேன். இல்லைன்னா நீ அடுப்புல இருப்ப."

அக்கா கையை மாவிலிருந்து எடுக்கவே இல்லை. கலக்கி முடித்து, சுவை பார்த்து, "ம்" சொன்ன பிறகுதான் திரும்பினார். "நல்ல நாளும் அதுவுமா பழைய கறியையா வைக்கச் சொல்றீங்க?"

"மாவு மட்டும் மொத நாளே ஆட்டலாம், வான்கோழி மட்டும் கூடாதா?"

"மாவு பொங்கணும். கறி பொங்குனா எங்க ஊத்தறது? போங்க, அங்கிட்டு."

வெளியே கேட்பதற்கு இது வேடிக்கைப் பேச்சுதான். உள்ளே அக்காவுக்கு அது வேடிக்கை இல்லை. டூட்டி விழுந்த கிறிஸ்துமஸ் நாட்களில் அருள்ராஜ் ராமேஸ்வரத்திலோ விழுப்புரத்திலோ டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கிடப்பார். இங்கே பிள்ளைகள் வான்கோழித் தொடைக்கு அடித்துக்கொள்ளும்போது, "அது அப்பாவுக்குடா" என்று ஒரு தொடையை டிபன் கேரியரில் எடுத்து ஒளித்து வைப்பார் அக்கா. மறுநாள் அவர் வந்து அதைச் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்க்கவே மனசு கேட்காது. ஊரே சுடச்சுடத் தின்றது, சம்பாதித்துப் போட்ட மனுஷனுக்கு ஆறிப்போன கறி. "நல்லா இருக்கு, பேட்ரி. நேத்துச் சாப்பிட்டவங்களைவிட எனக்குத்தான் யோகம்" என்று அவர் சொல்வதை அக்கா ஒருநாளும் நம்பியதில்லை. நம் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் பாவம் என்றுதான் நினைத்தார். முந்தின நாள் கறி என்றாலே அக்காவுக்கு அது விருந்துக்கு வர முடியாமல் போனவரின் பங்கு. அதைப் போய் விருந்து நாளில் எல்லார் தட்டிலும் எப்படி வைப்பது?

அருள்ராஜ் விடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருநாள் வெற்றி வீரர் மாதிரி வந்து இறங்கினார். "நம்மகிட்ட மாவு வாங்கற கோமளவல்லி மாமியே சொல்லிட்டாங்க."

"மாமிகிட்டப் போயி வான்கோழியப் பத்திப் பேசினீங்களா? உங்களுக்கு என்ன கிறுக்கா? நாளையிலேர்ந்து மாவே வேண்டாம்னுடப் போறாங்க!"

"மாமி என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்தக் கோழிப் பேச்சே எங்காத்து வாசல்ல கூடாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்கோ. புளியோதரையை அன்னிக்கே கலந்து அன்னிக்கே சாப்பிட்டா அது புளியோதரையே இல்லை. ஊறணும்'னாங்க."

"அப்ப மாமியவே வந்து குழம்பு வைக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மசியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருள்ராஜ் வேறு ஒன்று செய்தார். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்து, ஃப்ரிட்ஜின் மறுபக்கத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். எஞ்சினில் மரத்துப்போன முட்டி அவருடையது. கொஞ்ச நேரம் நின்றாலே கடுக்கும்.

"என்னங்க இது கூத்து? போய் உக்காருங்க."

"நீ உக்காந்தா நான் உக்காருறேன்."

"முட்டி வலிக்கும்ங்க."

"வலிக்கட்டும். கிறிஸ்துமஸுக்கும் இப்படித்தான். நீ அன்னைக்கே சமை, நான் வேண்டாங்கலை. ரெண்டு பேரும் இங்கேயே நின்னு சாப்பிடுவோம். எங்க சாப்பிட்டா என்ன? உன்கூடச் சாப்பிடணும், அவ்வளவுதான்."

ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்று, ரசம் சோறு வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று அக்கா நினைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் மாவு கலக்கும்போது உப்பு பார்க்கக்கூட மறந்துபோனார்.

இருபத்து நான்காம் தேதி காலையில் சேக் மைதீன் பாய் கடை திறந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே சாக்குப்பையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிவந்த தலையுமாக அக்கா வந்து நின்றார்.

"என்னக்கா, நாளைக்கு விடியக்காலம்தானே வருவீங்க? நான் அலாரம்கூட வச்சுட்டேனே!"

"அலாரத்தை அமத்திட்டுத் தூங்குங்க, பாய். இந்த வருஷம் எங்க வீட்டுல எல்லாம் தலைகீழு" என்றார் அக்கா. பையைக் கொடுத்தார். "தொடை ரெண்டையும் முழுசா வச்சிருங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் குழம்பு கொதித்தது. அக்கா ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை. வாசனையிலேயே உப்பு தெரியும் என்று சாதித்துவிட்டார். மனசுக்குள் பயம். மகனும் மருமகளும் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். பழைய கறியைப் போட்டாள் என்று ஆகிவிட்டால்?

மறுநாள், சமையல் முடிந்திருந்ததால் ராத்திரிப் பூசைக்குப் பதில் காலைப் பூசைக்குப் போய் வந்ததும் அக்கா பழக்கத்தில் நைட்டியைத் தேடினார். அதைக் காணவில்லை. அருள்ராஜ் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அதனால் மாம்பழ நிறப் புடவையோடே நின்றார். அடுப்படியில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "ரிட்டையர் ஆனவனைக் கடைசியில நீராவி வண்டி ஓட்ட வச்சுட்டாளே!" என்று அருள்ராஜ் சத்தமாகப் புலம்ப, மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இட்லி எல்லாவற்றையும் ஹாட்பாக்ஸில் அடைத்து, குழம்பை ஒரு கொதி விட்டு இறக்கி, மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். எண்ணெய் மேலே மிதந்து, குழம்பு கறுத்துச் சிவந்திருந்தது.

அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வலது கால் எழுந்து ஓடத் தயாராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்க ஒரு தடவை எழப் பார்த்தார். மகன் எடுத்துவிட்டான். உப்புக்கு என்று இன்னொரு தடவை எழப் பார்த்தார். உப்பு மேஜையிலேயே இருந்தது. பக்கத்தில் அருள்ராஜ் உட்கார்ந்து, ஒரு தொடையை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார். இன்னொன்று அவருக்கு.

அக்கா இட்லியைப் பிட்டுக் குழம்பில் புரட்டி, கறியோடு சேர்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது நின்றது. மசாலா எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அக்கா வைத்த குழம்புதான், ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் தின்றறியாத ருசி. மறுநாளைக்கு மிஞ்சியதையெல்லாம் கேரியரில் போட்டு அருள்ராஜுக்குக் கொடுத்துவிட்டு, அக்கா அதை எப்போது தின்றார்?

"இதையா நான் வருஷா வருஷம் அழுதுக்கிட்டே எடுத்து வச்சேன்?"

"யோகம்னு சொன்னேனே. நீ நம்புனியா?" அருள்ராஜ் தலையை நிமிர்த்தாமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை வருஷம் ஏமாந்த கோபம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலை உள்ளே இழுத்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு இன்னொரு கரண்டி குழம்புக்காகத் தன் தட்டை எடுத்து அருள்ராஜ் பக்கமாக நீட்டினார்.