ஒஸ்வல்ட் மாலையில் கழற்றியது

என் மனுசன் ஒஸ்வல்டைப் பற்றி மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள்: நல்ல வேலைக்காரன், பொல்லாத வாய்க்காரன். இரண்டும் உண்மை. பட்டறையில் அவர் ஒட்டிய இரும்புக் கேற் பத்து வருடம் அசையாது. வாயைத் திறந்தாரென்றால் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழியில் வந்து தமிழ் பேசுகிற எங்கள் பறங்கிச் சனத்தில் எவனும் முன்னால் நிற்க மாட்டான். டச்பார்க் கரையில் பிறந்து கடலில் விழுந்தெழும்பி வளர்ந்தவர். சுனாமி எங்கள் வீட்டையும் ஆறு வயதுப் பியோனாவையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடலுக்குத் தள்ளித் திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறோம். பிள்ளையைப் பற்றி அவர் பேசுவதேயில்லை. கடலைப் பற்றி மட்டும் பேசுவார், அதுவும் நக்கலாக.

சுமாத்திராவில் திரும்பவும் பூமி குலுங்கியதாம், கடல் வருமாம் என்று ஒரு நாள் வானொலி சொன்னது. தெரு முழுக்க அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நகை எல்லாம் அடைத்த பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கரையோரத்திலிருந்து வந்த சனம் எல்லாருக்கும் கதவடியில் அப்படி ஒரு பை இருக்கும். இந்த மனுசன் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "ஓடுங்க, ஓடுங்க! கடல் உங்கட பேரைச் சொல்லித்தான் தேடி வருது!" என்று சிரித்தார். அடுத்த நாள் ஏறாவூர்த் தேத்தண்ணிக் கடையிலும் இதையே நடித்துக் காட்டியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏறாவூரில் அவருக்கு ஒரு கூட்டாளி, அசனார். பழைய கொம்பியூட்டர் சாமான் விற்பதும் திருத்துவதும் தொழில். வாயில் அவனும் குறைந்தவன் இல்லை. அவன் கடையில் பொறுக்கின பழைய சாமான்களை வைத்து ஒஸ்வல்ட் வீட்டிலேயே ஒரு கொம்பியூட்டர் பூட்டினார். எல்லாம் ஒரு துண்டுப் படத்துக்காக. அவருடைய தங்கச்சி லொறெய்ன் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருமுறை நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது பியோனாவைக் கமராவில் பிடித்திருந்தாள். பிள்ளை போன பிறகு அதைச் சீடியில் போட்டு அனுப்பினாள். பிள்ளை கமராவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, "டடா, இது படம் பிடிக்குதா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவ்வளவுதான் படம். வேறு ஒரு போட்டோகூட எங்களிடம் மிஞ்சவில்லை. சீடி கீறுப்பட்டுப் போக முன்னம் ஒஸ்வல்ட் அதை ஹாட் டிஸ்கில் ஏற்றிவிட்டார்; கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார். நான் குசினியில் நின்று குரலைக் கேட்பேன்.

"மச்சான், இந்த மதர்போட்டில ரேம் குத்துற இடத்தில ஒரு பக்கப் பிடி உடைஞ்சிருக்கு. அதாலதான் மலிவு. பூட்டினாப் பூட்டினதுதான், கையப் போட்டுக் கிளறாத" என்று அசனார் சொல்லித்தான் கொடுத்தான். ரேம் என்பது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. அது சரியாக இருக்காவிட்டால் கொம்பியூட்டர் எழும்பாது.

கொஞ்ச நாளில் அதுதான் நடந்தது. சுவிச்சைப் போட்டால் திரை கறுப்பாகவே கிடக்கும். உள்ளே இருந்து நீட்டி நீட்டி ஒரு ஊளைச் சத்தம் வரும். மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் இருந்து மடியில் பெட்டியைப் பிடிக்க, ஏறாவூருக்குப் போவோம். வழியில் செக்பொயின்டில் ஆமிக்காரன் மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பான். அசனார் பச்சைத் தகட்டை எடுத்து, அதன் பல்லை அழிறப்பரால் தேய்த்து, திரும்பக் குத்துவான். உடனே வேலை செய்யும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாளோ இரண்டு நாளோ போனதும் பழைய ஊளை. திரும்பத் திரும்ப இப்படி அலைந்தோம்.

ஒரு நாள் ஒஸ்வல்ட் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார். பச்சைத் தகட்டில் ஒட்டியிருந்த சின்னக் கடதாசியைக் காணவில்லை. "டல்சி, இது நம்மட ரேம் இல்ல! நல்லத எடுத்துப்போட்டுக் குப்பைய மாத்திக் குத்தியிருக்கான்!"

"வீட்டில வச்சு யோசிங்க, ஒஸ்வல்ட்" என்றேன். கேட்டால்தானே.

ஏறாவூர்ச் சந்தை வீதியில், அசனார் கடைக்கு முன்னால், சனம் பார்க்க, "கள்ளன்! கூட்டாளிட சாமானையே களவெடுத்த கள்ளன்!" என்று கத்தினார். அசனார் முதலில் சிரித்தான், பகிடி என்று நினைத்து. பிறகு முகம் வெளுத்தது. "வல்லாஹி, நான் மாத்தல்ல மச்சான்" என்று சத்தியம் பண்ணினான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் கலவரம் மூள ஒரு சொல்லே போதுமாயிருந்த காலம் அது. அந்தச் சொல்லை என் மனுசன் நடுத்தெருவில் எறிந்துவிட்டு வந்தார். மட்டக்களப்பிலிருந்து போகிற தமிழ் ஆட்கள் அசனாரின் கடைக்குப் போவதை விட்டுவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன்.

கொம்பியூட்டர் அதன் பிறகும் அப்படித்தான். ஒரு நாள் எழும்பும், மூன்று நாள் ஊளையிடும்.

மாலையில் நான் பக்கத்து வீட்டுக்குச் செபமாலைக்குப் போவது வழக்கம். ஒரு நாள் ஆமி சுற்றிவளைக்கப் போகிறதென்று பாதியில் எழும்பி வந்துவிட்டோம். அறைக்கதவைத் தள்ளினேன். ஒஸ்வல்ட் நிலத்தில் குந்தியிருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், மறு கையில் ஹாட் டிஸ்க். பக்கத்தில் ஒரு பை. கதவடியில் எங்கள் பை இருக்க, இது வேறு பை. என்னைக் கண்டதும் களவெடுத்த பிள்ளை மாதிரி டிஸ்கை மடியில் வைத்து உடுத்திருந்த சாரத்தால் மூடினார்.

"என்ன இது?"

"தூசி தட்டுறன்."

"பொய் சொல்லாதீங்க."

டிஸ்கை வெளியே எடுத்தார். பிறகு, "ஒவ்வொரு நாளும் பின்னேரம் கழட்டித் தலைமாட்டில வைக்கிறன். விடிஞ்சாப் பூட்டுறன். கடல் வந்தாப் பிள்ளைட குரலையாவது தூக்கிக்கொண்டு ஓடலாம்தானே" என்றார்.

திராய்மடுவுக்குக் கடல் வராது, லொறெய்னிடம் கேட்டால் இன்னொரு சீடி அனுப்புவாள், இதெல்லாம் என் வாயில் வந்தது. நான் சொல்லவில்லை. பயத்துக்குக் கணக்கு விளங்குமா? டிஸ்கை வாங்கப் பக்கத்தில் இருந்தேன். அதில் தொங்கிய அகலமான பட்டை வயர் இன்னும் முழுதாகக் கழன்றிருக்கவில்லை. நான் டிஸ்கைத் தூக்க, வயர் பச்சைத் தகட்டை உரசி இழுத்தது. உடைந்த பிடிப் பக்கம் தகடு மெல்லக் கிளம்பியதை இரண்டு பேருமே பார்த்தோம்.

ஒஸ்வல்ட் விரலால் அதை அழுத்தினார். டிக்கென்று இருந்தது. எல்லாவற்றையும் பூட்டிச் சுவிச்சைப் போட்டார். கொம்பியூட்டர் எழும்பியது. டோர்ச்சை எடுத்துப் பெட்டிக்குள் அடித்துப் பார்த்தார். அடியில், தூசிக்குள், வயர் உரசிப் பிய்த்த அந்தச் சின்னக் கடதாசி கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ ஆண்டவரே, அசனார்" என்றார்.

இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவார்.

"போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"பிழையா நினைச்சிட்டன் எண்டு சொல்றன். ஏன் கழண்டது எண்டெல்லாம் என்னத்துக்கு? அந்தத் தேத்தண்ணிக் கடையில நான் பேசின பேச்சுக்கு இனி எந்த மூஞ்சிய வச்சுக்கொண்டு போறது?"

"ஏனெண்டு சொல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டாங்க. பயந்துபோய்ச் சமாதானத்துக்கு வந்திட்டான் எண்டுதான் கதைப்பாங்க. அவன் கள்ளன்தான் எண்டே இருந்திரும்."

வன்னியில் சண்டை முடிந்ததென்று மட்டக்களப்பு ரவுணில் வெடி கொளுத்திய கிழமை அது. யாருக்கும் யாருடைய முகத்தையும் பார்க்க விருப்பமில்லாத கிழமை. நாங்கள் ஏறாவூருக்குப் போனோம். கடையில் அசனார் தனியே இருந்தான். எங்களை இருக்கச் சொல்லவில்லை. ஒஸ்வல்ட் தலையைக் குனிந்துகொண்டு, கழற்றினது, பூட்டினது, கடதாசி கிடந்தது, எல்லாம் சொன்னார்.

அசனார் முழுக்கக் கேட்டான். "நீ ஏசினது ரோட்டில. இப்ப சொல்றது என்ட கடைக்குள்ள" என்றான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆனால் அவன் கேட்டதில் என்ன பிழை? ஒஸ்வல்ட் எழும்பி வெளியே போனார். தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், வீதியில் நின்றார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. எவ்வளவு பெரிய வாய்! அவருக்காக நான் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல காலம், அடக்கிக்கொண்டேன்.

"எல்லாரும் கேளுங்க!" என்றார் கடைசியில். "அசனார் களவெடுக்கல்ல. நான்தான் பிழை. கடல் வந்து என்ட பிள்ளைட குரலையும் கொண்டு போயிரும் எண்டு பயத்தில ஒவ்வொரு நாளும் கழட்டினன். அதாலதான் பழுதாப் போச்சு. உங்களப் பார்த்துச் சிரிச்ச நான்தான் எல்லாரையும் விடப் பயந்தவன்."

தேத்தண்ணிக் கடைக்குள் ஒருவன் சிரித்தான். "ஆரடா அது பல்லைக் காட்டுறது?" என்று அசனார் கத்திக்கொண்டு வெளியே வந்தான். வந்து ஒஸ்வல்டின் கையைப் பிடித்துத் தன் கடைக்குள் இழுத்துப் போனான்.

"இன்னும் எனக்குக் கோபம் ஆறல்ல. ஆறாமலும் போகும்" என்றான். "டிஸ்க் எங்க?"

ஒஸ்வல்ட் சேட்டுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

"இதில ஒரு பிரதி எடுத்து என்ட வீட்டு அலுமாரியில வைக்கிறன். இஞ்ச கடல் வராது." பிரதி எடுத்ததும் சரியாக இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்த்தான். 'டடா, இது படம் பிடிக்குதா?' என்று பிள்ளை கேட்டாள். அசனார் திரையைப் பார்த்துக்கொண்டே, "பிடிக்குது மகள்" என்றான். ஒஸ்வல்ட் மேசையில் தலையை வைத்து அழுதார்.

அன்று மாலையும் அவர் கழற்றத்தான் செய்தார். இந்த முறை பச்சைத் தகட்டை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.