கத்துற பெட்டிக்காரி

"சென்ட்டு அடிச்சவ யாருடி? அங்கிட்டுப் போயி நில்லு!"

பட்டாசு மருந்து கலக்கும் அறை வாசலில் மாரிச்செல்வி விரட்டிக்கொண்டிருக்கிறார். சேலைக்கு மேல் போட்ட ஆண் சட்டையின் பையில் உள்ளங்கையளவு கருவி ஒன்று மாட்டியிருக்கிறது. காற்றில் விஷவாயு துளியூண்டு கலந்தாலே கீச்சிடும். சென்ட் வாசனைக்கும் ஏமாந்து கத்தும்.

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி அது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணுக்குக் காட்டத்தான் கருவியை வாங்கினார்கள். எல்லா அறையையும் பெருக்குகிறவர் என்பதால் இவரிடம் கொடுத்தார்கள். பேசாமல் மாட்டிக்கொண்டு திரிவார் என்று நினைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார்கள்! அது கத்தினால் அறையைக் காலி பண்ணாமல் இவர் விடமாட்டார். கூலி போகிறதே என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். "உசுரோட இருந்து திட்டுங்கடி, கேட்டுக்கிடுதேன்" என்பார்.

தீபாவளி சீசன் உச்சத்தில் ஒருநாள் இரவெல்லாம் மழை. ஈரம் பட்ட மருந்து சூடேறி வெடிக்குமுன் லேசாக ஆவி விடும், மூக்குக்குத் தெரியாது. காலையில் மருந்து அறையைப் பெருக்க மாரிச்செல்வி நுழைந்ததுமே கருவி கீச்சிட்டது. உள்ளே இருந்தவர்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டார். போர்மேன் முனியராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, இம்புட்டூண்டு காட்டுறதுக்கா வேலைய நிறுத்துவ? லோடு ஏத்தணும்மா!"

"இம்புட்டூண்டு இருக்கும்போதே வெளிய வந்தாத்தான் உண்டு அண்ணாச்சி. கூடிருச்சின்னா ஓடவா நேரம் இருக்கும்?"

"எல்லாரையும் உள்ள போகச் சொல்லு. இல்லன்னா பெட்டியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளையில இருந்து வராத."

சீசன் நடுவில் மாரிச்செல்வியை வேறு எந்தக் கம்பெனியில் சேர்ப்பார்கள்? இவர் சம்பாத்தியத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் பயத்தை மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது. உள்ளே போய் உட்காரப் போவது இந்த மனுஷனா?

பையிலிருந்து கருவியைக் கழற்றினார். முனியராஜ் கையை நீட்டினார். மாரிச்செல்வி அதைக் கையில் கொடுக்கவில்லை. போர்மேனின் சட்டைப் பையிலேயே மாட்டிவிட்டார்.

"நீங்க முன்னால போங்க அண்ணாச்சி. நாங்க பின்னாலயே வாறோம்."

சொல்லிவிட்டு, அறை வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.