ஆறு வாரம் பேசாத பாஸ்டர்

போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் குரல் நின்றுபோனது. இருமினேன். வெந்நீர் குடித்தேன். மறுபடி வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்கு மேலே கூடும் எங்கள் சின்னத் தமிழ்ச் சபை என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மற்ற சபைகளில் ஏழு வார்த்தைகளையும் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். ஏழும் நானே. எனக்கு மைக் என்றால் உயிர் என்று என் மனைவி மெர்சி கேலி செய்வாள். உள்ளதைத்தான் சொன்னாள். ஊழியத்துக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறேன், இதுவல்லவா தியாகம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் எறணாகுளத்தில் டாக்டரைப் பார்த்தோம். குரல் நாணில் கட்டி என்றார். ஆறு வாரம் வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதற்குள் சுருங்காவிட்டால் ஆபரேஷன். அதன்பின் பழைய குரல் வருமா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

போட்டில் திரும்பும்போது அழுதேன். பதினெட்டு வருஷமாகப் பிரசங்கம் செய்தே வாழ்ந்தவன். குரல் இல்லாத பாஸ்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ஆண்டவரே, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், குரலை மட்டும் திருப்பித் தாரும் என்று மனதுக்குள் கதறினேன். சத்தமாக ஜெபிக்கவும் வழியில்லையே.

இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஞாயிறு ஆராதனையை மூப்பர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் மெர்சி என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

"டாக்டர் பேசக்கூடாதுன்னுதானே சொன்னார்? போகக்கூடாதுன்னா சொன்னார்? நாலு பேரைப் பார்த்துட்டு வாங்க."

அப்படித்தான் செல்லத்துரை அண்ணனின் டீக்கடைக்குப் போனேன். தூத்துக்குடியிலிருந்து வந்து இருபது வருஷமாக மார்க்கெட் பக்கம் கடை வைத்திருப்பவர். மனைவி எஸ்தர் இறந்தபின் இரண்டு வருஷமாகச் சபைக்கு வரவில்லை. முன்பெல்லாம் போனால், சபை கூடிவருதலை விடக்கூடாது என்று நின்றபடியே ஒரு குட்டிப் பிரசங்கம், ஒரு ஜெபம், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவேன். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தேன். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"கேள்விப்பட்டேன் பாஸ்டர். இருங்க" என்று சொல்லிவிட்டுப் பழம்பொரிக்கு நேந்திரம் பழத்தை நறுக்கத் தொடங்கினார். நான் கிளம்பவில்லை. நறுக்கியதை மாவில் தோய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"ஒண்ணு சொல்லட்டா? எஸ்தர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. தெனமும் கேட்டா, பாஸ்டர் வந்தாரான்னு. நீங்க வெளியூர் கன்வென்ஷன்ல பிரசங்கம் பண்ணப் போயிருந்தீங்க. அப்புறம் அடக்கத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுனீங்க. பக்கத்துக் கடை சேட்டன்மாரு கூட நல்ல பிரசங்கம்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை காதுல ஏறல."

என்னிடம் பதில் இருந்தது. அந்தக் கன்வென்ஷனுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். அங்கிருந்தும் எஸ்தர் அக்காவுக்காக ஜெபித்தேன். இரண்டும் உண்மை. குரல் இருந்திருந்தால் இரண்டையும் சொல்லி, மேலே ஒரு வசனமும் சொல்லி அவர் வாயை அடைத்திருப்பேன். குரல் இல்லாததால் கேட்டேன். கேட்கக் கேட்க வெட்கமாக இருந்தது. மாவு ஒட்டிய அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

அதன்பின் தினமும் யாரையாவது பார்க்கப் போனேன். சுக்குக் கிடங்கில் வேலை செய்யும் பெண்கள், ஹோட்டல்களில் சமைப்பவர்கள், சுமை தூக்குபவர்கள். நான் உட்கார்ந்தால் போதும், பேசினார்கள். என்னிடம் சொல்ல இவர்களுக்கு இவ்வளவு இருந்ததே எனக்குத் தெரியாது. என் ஜெபமும் மாறியது. குரலைத் தந்தால் இவர்களுக்காகத் தாரும் என்று கேட்டேன்.

நான்காவது ஞாயிறு செல்லத்துரை அண்ணன் சபைக்கு வந்தார். எல்லார் முன்பும் எழுந்து ஜெபித்தார். "ஆண்டவரே, எங்க பாஸ்டர் இப்போ நல்லா கேக்குறார். இனிமே பேசவும் விடும். ஆமென்." அவ்வளவுதான். சபையே சிரித்துக்கொண்டு ஆமென் சொன்னது.

ஆறாவது வாரம் டாக்டர் பரிசோதித்தார். கட்டி சுருங்கியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், மெதுவாகப் பேசலாம் என்றார். மருந்தும் ஓய்வும் வேலை செய்ததாகச் சொன்னார். ஆமாம், அந்த ஓய்வை எனக்குக் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கே ஸ்தோத்திரம்!

"ஒரு அல்லேலூயா சொல்லுங்களேன்" என்றாள் மெர்சி. தலையாட்டி மறுத்தேன். நேரே டீக்கடைக்குப் போனேன்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. அக்கா தேடினப்ப நான் வரல." கரகரத்தாலும் என் குரல்தான்.

அவர் அடுப்பைக் குறைத்தார். "இதை அவ கேட்டிருக்கணும் பாஸ்டர்." ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். "கேட்டிருப்பா. உக்காருங்க, சாயா ஆத்தித் தர்றேன்."

இப்போது சபையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் நான் கன்வென்ஷனுக்குப் போவதில்லை. சிலர் என்னை அழைப்பதையே விட்டுவிட்டார்கள். முதலில் வலித்தது. ஆண்டவர் என்னிடம் கேட்ட தியாகம் இதுதான் என்று இப்போது சந்தோஷமாகச் சொல்கிறேன்.

ஊழியத்தில் இருக்கும் என் சகோதரரே, சோர்ந்துபோகாதீர்கள். உங்களிடமிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருந்தால் பயப்படாதீர்கள், எடுத்தவர் நல்லவர். உங்கள் சபையிலும் வராமல் நின்றுவிட்ட ஒருவர் இருப்பார். இந்த வாரம் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.