திருகைக் கல்லும் என் வலது தோளும்

எட்டு மாதப் பிள்ளையைக் கை நழுவவிட்டுக் கீழே போட்டவள் நான். சேசுவின் பிள்ளைகளான உங்கள் முன்னால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் சர்வேசுரன் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது.

என் பெயர் ஞானம்மாள். காமயகவுண்டன்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எங்கள் கோவில் உபதேசியார் எழுதுகிறார். என் குறைகளை மழுப்பி எழுத வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மலைமேல் பெரியாற்றில் அணை வேலை நடந்த காலம். என் வீட்டுக்காரர் சவரிமுத்து சுண்ணாம்பு அரைக்கிற வேலைக்கு மேலே போய்விட்டார். வீட்டில் நானும், கைப்பிள்ளை அருளப்பனும், அவருடைய அக்காவும் இருந்தோம். அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளை இல்லை.

அந்த ஐப்பசி மழையில் ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போனேன். கரையில் கால் வழுக்கியது. குடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்ததில் வலது கை பின்னால் திரும்பி மடங்கியது. உள்ளே ஏதோ நழுவியது. தோளின் உருண்டை இருந்த இடத்தில் பள்ளம். அக்குள் பக்கம் ஒரு புடைப்பு. மேற்கையைத் தொட்டால் உணர்வே இல்லை. மதினிதான் கோம்பைக்குக் கூட்டிப் போனார். அங்கே எலும்பு வைத்தியர் ஒருவர், பெத்தணன் என்று பெயர். அவர் என்னைப் படுக்க வைத்து, அக்குளில் தம் குதிகாலை ஊன்றி, கையை மெல்ல இழுத்தார். கடக்கென்று ஒரு சத்தம். எலும்பு தன் இடத்துக்குப் போய்விட்டது.

"மூணு வாரம் கையைக் கட்டியே வச்சிரு ஆத்தா. பெறகு என்னைய வந்து பாரு. கையை எப்பிடிப் பழக்கணும்னு சொல்றேன்" என்றார்.

என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஏழாம் நாள் கட்டை அவிழ்த்துவிட்டு உலக்கையைத் தூக்கினேன். பத்து குத்துக்கூட குத்தவில்லை, தோள் மறுபடியும் இறங்கிவிட்டது. மறுபடியும் கோம்பை. மறுபடியும் குதிகால். அதற்குப் பிறகு கூரையில் சொருகியிருந்த அரிவாளை எடுக்கப் போய் ஒரு தடவை. பயத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். இடது கை எந்நேரமும் வலது தோளைத் தடவிக்கொண்டிருக்கும்.

மார்கழியில் ஒரு மத்தியானம். விட்டத்தில் கட்டியிருந்த தொட்டிலில் பிள்ளை அழுதான். கையை உயர்த்தி அவனை வாரி எடுத்தேன். தோள் நழுவியது. பிள்ளை விழுந்தான். கீழே உமிக் குவியல் இருந்ததால் உயிர் பிழைத்தான். நெற்றி மட்டும் முறத்தில் பட்டுக் கிழிந்தது. பதறிக் குனிந்தபோது என் தோள் தானாகவே இடத்துக்குத் திரும்பிவிட்டது.

மதினி ஓடி வந்து தூக்கினார். என்னைத் திட்டவில்லை. "இனிமே இவனை நான் பாத்துக்கிறேன் ஞானம். நீ தூக்காத" என்றார். அந்தச் சொல் என்னை அறுத்துவிட்டது.

அன்றைக்கே கோவிலுக்குப் போனேன். தேவமாதா சுருபத்தின் முன்னால் என் கலியாணச் சேலையைக் கிழித்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். உபதேசியார் பெண்சாதிதான் கட்டிவிட்டார். "சுகம் தருமட்டும் இந்தக் கட்டை அவிழ்க்க மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டேன். கோம்பைக்கும் போகவில்லை. மாதாவிடம் ஒப்படைத்த பிறகு வைத்தியர் எதற்கு என்று இருந்துவிட்டேன். அவசரத்தில் ஒரு தப்பு செய்தவள், பக்தியில் இன்னொரு தப்பு செய்தேன்.

நாலு மாதம். வலி போய்விட்டது. ஆனால் கட்டுக்குள்ளேயே தோள் லொடலொடவென்று ஆடியது. செபமாலை சொல்வேன், பாதியில் எழுந்துவிடுவேன். இதற்குள் அருளப்பனுக்குப் பேச்சு வந்தது. மதினியைப் பார்த்து "ஆத்தா" என்றான். மதினி அவனை என் பக்கம் திருப்பி, "அதுதாண்டா ஒன் ஆத்தா" என்றார். அவன் திரும்பி மதினி தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாதாவே, உமக்குக் காது இல்லையா என்று அன்றைக்குக் கத்தினேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

சேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வந்தது. நாற்பது நாள் கறி தின்னாமல் இருந்துவிட்டு, அன்றைக்கு எங்கள் சனங்கள் சேர்ந்து ஒரு கிடாய் அறுத்துக் கூறு போடுவது வழக்கம். ஒற்றைக் கையோடு எந்த வேலைக்கும் உதவாத நான், கறி வெட்டுகிற அந்தோணி அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை விட்டார். கத்தி எலும்பில் எங்குமே இடிக்கவில்லை. கால் அப்படியே கையோடு வந்துவிட்டது. பின்னங்காலுக்கு வந்தபோது திருகி, முறுக்கி, வியர்த்துப் போனார்.

"ஏண்ணே, முன்னங்காலு எதுல ஒட்டியிருந்துச்சு?" என்றேன்.

"சதையிலதான் தாயி. அங்கன எலும்புக்கும் எலும்புக்கும் பூட்டு கெடையாது. இந்தா, சப்பை எலும்பைப் பாரு. கீழ் எலும்பு வந்து முட்டுற குழி எம்புட்டு மேலாக்க இருக்கு. இடுப்புக் குழின்னா கெணறு மாதிரி."

என் இடது தோளைத் தொட்டேன். கெட்டியாகச் சதை இருந்தது. கட்டுக்குள் விரலை விட்டு வலது தோளைத் தொட்டேன். வெறும் எலும்பு கையில் பட்டது. பிடித்துக்கொள்ள வேண்டிய சதையை நான்தான் நாலு மாதமாகப் பட்டினி போட்டிருக்கிறேன்!

ஆனால் நேர்ச்சையை எப்படி மீறுவது? திருநாள் பூசைக்கு வந்திருந்த சுவாமியாரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெள்ளைக்காரர், நிறுத்தி நிறுத்தித்தான் தமிழ் பேசுவார்.

"மகளே, நீ சுகத்தைக் கேட்டாயா, கட்டைக் கேட்டாயா?"

"சுகத்தைத்தான் சுவாமி."

"அப்படியானால் இந்த நேர்ச்சையை மாற்றித் தருகிறேன். வைத்தியர் சொல்கிற வேலையைத் தினமும் இந்தக் கையால் செய். செய்யும்போது செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்."

அவரே முடிச்சை அவிழ்த்தார். மறுநாளே கோம்பைக்கு நடந்தேன். பெத்தண வைத்தியர் என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூணு வாரம்னு சொன்னா மொதல்ல ஏழு நாள்ல அவுத்த. பெறகு நாலு மாசம் கட்டி வச்சிருக்க. நடுவாந்திரமா ஒண்ணுமே ஒனக்குத் தெரியாதா ஆத்தா? தோளு எல்லாப் பக்கமும் திரும்பணும். அதனாலதான் குழி ஆழமா இல்ல. தட்டுல எலுமிச்சம்பழம் வச்ச மாதிரி உக்காந்திருக்கு. சுத்தியிருக்க சவ்வும் சதையுந்தான் அதை அணைச்சுப் பிடிக்குது. சவ்வு ஒனக்குத் தளந்து போச்சு, அதை என்னால இறுக்க முடியாது. சதையை நீதான் வளக்கணும். திருகையைச் சுத்து. முழங்கை விலாவை விட்டு வெலகக் கூடாது. கையை ஒசத்திப் பின்னால கொண்டுபோகாத, அங்கனதான் அது நழுவும்."

முதல் வாரம் வெறும் திருகை. செபமாலையில் ஒரு மணி உருட்டினால் ஒரு சுற்று. பிறகு மணிக்கு மூன்று சுற்று. பிறகு கேழ்வரகு போட்டு அரைத்தேன். அவசரப்பட்டு எழும்போதெல்லாம் மணி மீதி இருக்கும், உட்கார்ந்துவிடுவேன். வைகாசியில் மேற்கையில் உணர்வு முழுதாகத் திரும்பியது. ஆனியில் தோள் சதை பிடித்து உருண்டு திரண்டது. ஆடியில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வந்தேன். ஒரு தடவைகூட நழுவவில்லை. ஆனாலும் பிள்ளையைத் தூக்கப் பயம். அவனும் வரமாட்டான்.

ஆகஸ்டு மாதம் மாதா மோட்சத்துக்கு எழுந்தருளின திருநாள். சப்பரம் தெருவில் வரும்போது தாய்மார்கள் பிள்ளைகளை உயரத் தூக்கி மாதாவின் பாதத்தைத் தொட வைப்பார்கள். சப்பரம் எங்கள் வாசலில் நின்றது. மதினி அருளப்பனை என்னிடம் நீட்டினார்.

"மாட்டேன் மதினி. விழுந்திருவான்."

"தூக்கு. கீழ நான் கை வச்சிருக்கேன்."

வைத்தியர் சொன்னபடி முழங்கைகளை முன்னால் வைத்து, பிள்ளையை வாங்கி மேலே தூக்கினேன். தோள் நழுவவில்லை. அவன் மாதாவின் பாதத்தைத் தொட்டான். மெல்ல இறக்கினேன். பழக்கத்தில் அவன் மதினியைத் தேடிக் கையை நீட்டினான். மதினி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர் வழிய அப்படியே நின்றார். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் வலது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

நான் கேட்டது எலும்பை இறுக்கிக் கட்டுகிற ஒரு அற்புதப் புதுமை. ஆண்டவர் தந்ததோ ஒரு கிடாயின் கால், ஒரு சுவாமியாரின் சொல், சிவன் கோவிலுக்குப் போகிற ஒரு வைத்தியரின் கண்டிப்பு, எங்கள் வீட்டுத் திருகைக் கல். மதினியின் அந்த இரண்டு கைகளும் அவர் தந்தவைதான். இப்போது அருளப்பனுக்கு இரண்டு ஆத்தா. எனக்கும் பொறுமை கொஞ்சம் வந்திருக்கிறது. கொஞ்சம்தான் என்று உபதேசியார் சிரிக்கிறார்.

துன்பத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். என்னைப்போல் கத்தியாவது கேளுங்கள். ஆனால் உதவி வரும் வழியை நீங்களே கட்டிப்போடாதீர்கள். அவர் எனக்கு மனம் இரங்கினார், உங்களுக்கும் இரங்குவார். அவருக்கே தோத்திரம். மீதியைச் சொல்ல நேரமில்லை. பிள்ளை எழுந்துவிட்டான், தூக்கச் சொல்லி அழுகிறான்.